பதினைந்திலிருந்து பதினொன்று போனால் ஐந்து

விமலாதேவி டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தைப் பதினேழு வருடங்களாகக் கூட்டித் துடைத்து வந்தார். காலை ஆறு மணிக்குப் போவார். பத்து மணிக்குப் பார்வையாளர்கள் வருவதற்குள் வாளியோடு பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் வரலாறு படித்தவர், உரோமர்களின் நாட்கணக்கைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தபோது சண்டை மூண்டு படிப்பு அறுந்தது என்பது ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை. அகதியாக ஸ்கீவ நகருக்கு வந்த புதிதில் கொம்யூன் என்ற நகரசபையின் அலுவலர் ஒருவர் மட்டும் கேட்டார். கையில் சான்றிதழ் இல்லை என்றதும், படிவத்தில் ‘பள்ளிப் படிப்பு’ என்று எழுதி மூடிவிட்டார்.

போன வசந்தத்தில் அங்கே ‘உரோமரின் ஒரு மாதம்’ என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். முதல் நாள் காலை, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, விமலாதேவி ஒவ்வொரு பலகையாக நின்று படித்தார். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் நெட்டுருப் பண்ணியவை எல்லாம் திரும்பி வந்தன. மாதத்தின் முதல் நாள் கலெண்டே. ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ நோனே. பதின்மூன்றோ பதினைந்தோ ஈடூஸ். பெயர் உள்ள நாட்கள் இந்த மூன்றுதான். மற்ற நாட்களை எல்லாம், வரப்போகும் பெயருள்ள நாளுக்கு இத்தனையாம் நாள் முன் என்று பின்னோக்கித்தான் சொல்வார்கள். ஈடூஸ் கழிந்துவிட்டால் மீதி நாட்கள் இன்னும் பிறக்காத அடுத்த மாதத்தின் பெயரைச் சொல்லியே ஓடும்.

மூலையில் ஒரு தொடுதிரை இருந்தது. பிறந்த தேதியைக் கொடுத்தால் உரோமர் வழக்கில் அது என்ன நாள் என்று சொல்லும். விமலாதேவி கையுறையைக் கழற்றிவிட்டு மார்ச் பதினொன்று என்று அழுத்தினார். ‘மார்ச் ஈடூஸுக்கு நான்காம் நாள் முன்’ என்றது திரை.

பிழை. ஐந்தாம் நாள் என்று வர வேண்டும். மார்ச்சில் ஈடூஸ் பதினைந்தாம் நாள்; திரையைச் செய்தவர்கள் பதினைந்திலிருந்து பதினொன்றைக் கழித்திருக்கிறார்கள். உரோமர்கள் கழிக்க மாட்டார்கள், எண்ணுவார்கள். தொடங்கும் நாளும் முடியும் நாளும் கணக்கில் சேரும்.

கண்காட்சிக்குப் பொறுப்பான அன்னா அன்று வெள்ளனவே வந்திருந்தாள். முப்பது வயது, நல்ல பிள்ளை, கண்டால் சிரிக்காமல் போக மாட்டாள். டேனிஷில் எல்லோருக்கும் ஒரே ‘நீ’தான்; இயக்குநருக்கும் நீ, கூட்டுகிறவருக்கும் நீ.

“அன்னா, அந்தத் திரை ஒரு நாள் பிழையாகச் சொல்கிறது” என்றார் விமலாதேவி.

“நின்றுவிட்டதா? தொழில்நுட்ப ஆட்களிடம் சொல்கிறேன்.”

“நிற்கவில்லை. கணக்குப் பிழை. இரண்டு முனையையும் சேர்த்து எண்ண வேண்டும். ஏழு நாள் உள்ள ஒரு கிழமையை டேனிஷில் நீங்களும் ‘எட்டு நாள்’ என்றுதானே சொல்கிறீர்கள்? அதுபோல. எங்கள் வீட்டிலும் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் எண்ணும்போது, செத்த நாளையே முதலாவதாக எண்ணுவோம். என் கணவர் ஒக்டோபர் மூன்றாம் திகதி போனார். நவம்பர் இரண்டில் காரியம் செய்தோம், மூன்றில் இல்லை.”

அன்னாவின் முகம் இரக்கத்தால் கனிந்தது. விமலாதேவியின் கையைப் பிடித்து, “உன் கணவர் இறந்தது எனக்குத் தெரியாது, விமலா. ரொம்ப வருத்தமாக இருக்கிறது” என்றாள்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நாலு நாள் கழித்து, அவரை அங்கே வேலைக்கு அமர்த்தியிருந்த துப்புரவுக் கம்பனியின் மேற்பார்வையாளரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: கண்காட்சிப் பொருட்களை இயக்க வேண்டாம், திரையில் விரல் அடையாளங்கள் இருக்கின்றன.

மூன்று கிழமை போனது. ஓய்வுபெற்ற இலத்தீன் ஆசிரியர் ஒருவர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு நாலு வரி எழுதினார். அதே பிழை, அதே விளக்கம். மறுநாளே திரை திருத்தப்பட்டது. அவரை அழைத்துக் கோப்பியும் கேக்கும் கொடுத்து நன்றி சொன்னார்கள். அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி அடுக்கியது விமலாதேவி.

கூட்டம் கலைந்தபின் அவர் அன்னாவிடம் போனார்.

“இதைத்தான் நான் அன்றைக்கே சொன்னேன்.”

அன்னாவின் முகம் கழுத்துவரை சிவந்தது. “நீ உன் கணவரைப் பற்றிச் சொல்கிறாய் என்று நினைத்தேன். உனக்கு இதெல்லாம் தெரியும் என்று நீ சொல்லவே இல்லையே.”

“வேறு என்னத்தைச் சொன்னேன்?”

அன்னா இயக்குநரிடம் பேசுவதாகச் சொன்னாள், பேசவும் செய்தாள். அடுத்த மாதச் செய்திமடலில், கண்காட்சி சிறக்க உழைத்த ‘துப்புரவுப் பிரிவு உட்பட’ அனைவருக்கும் நன்றி என்று ஒரு வரி வந்தது.

அன்று மாலை, ஹ்விடோவ்ரே என்ற ஊரில் இருக்கும் மகள் மேனுஜாவைத் தொலைபேசியில் அழைத்தார். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டேனிஷில், “ஒரு நாள் வித்தியாசம்தானே அம்மா, விடுங்கள்” என்றாள்.

“ஓம், உனக்கு ஒரு நாள்தான். எனக்கு முப்பத்தஞ்சு வரியம். நான் வாய் திறந்து படிச்சதைக் கதைச்சது இதுதான் முதல் தரம். அதுவும் அவையளுக்குச் செத்தவீட்டுக் கதையாத்தான் கேட்டிருக்கு.”

மேனுஜா, தனக்கு அதிகம் வராத தமிழில், “நீங்கள் கம்பஸில படிச்சனீங்களோ? எனக்கு ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டாள்.

விமலாதேவிக்கு அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட வலித்தது. மகளிடமும் அவர் சொன்னதில்லை. கூட்டுகிற தாய்க்கு அந்தக் கதை எதற்கு என்று இருந்துவிட்டார்.

அந்த வார இறுதியில் இயக்குநருக்கு டேனிஷில் இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். பிழை எங்கே, ஏன், தாம் எந்த நாளில் யாரிடம் சொன்னார் என்று எல்லாம் ஒழுங்காக. கையெழுத்துக்குக் கீழே ‘வரலாறு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்’ என்றும் போட்டார். பதில் வரவில்லை. ஆறு கிழமைக்குப் பிறகு வேலைநேரத்தை மாற்றியமைக்கிறோம் என்று கம்பனி சொல்லி, நகர எல்லையில் உள்ள ஒரு நீச்சல் மண்டபத்துக்கு அவரை அனுப்பியது.

கடைசி நாளில் அன்னா அழுதபடி கட்டிப்பிடித்து ஒரு பூங்கொத்துக் கொடுத்தாள். விமலாதேவி அதைப் பேருந்து இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினார்.

நீச்சல் மண்டபத்தில் வாசிக்கப் பலகை ஒன்றும் இல்லை. குளோரின் மணம் வீடுவரை உடுப்பில் வருகிறது. நிலத்தை எத்தனை தரம் துடைத்தாலும் அடுத்த நிமிடம் யாராவது ஈரக்காலோடு நடந்து போகிறார்கள்.