கடலுக்கடியில் நான் ஆண்டவரைத் திட்டினேன்

பிரியமானவர்களே, இந்தச் சாட்சியைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். அடக்கிக்கொண்டு சொல்ல எனக்கு வராது.

நான் தூத்துக்குடிக்காரன். அமீரகத்தில், ஃபுஜைராவில் ஒரு சின்னக் கம்பெனியில் கடலுக்குள் மூழ்கிப் பார்க்கும் டைவர் வேலையில் இருந்தேன். சென்ற ஜனவரியில், ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பலில் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்துவர என்னை இறக்கினார்கள். வளைகுடா என்றால் வெயில் என்று நினைப்பீர்கள். அந்த ஆழத்தில் குளிர் எலும்பைப் பிடிக்கும். நேராக மேலே வரவும் முடியாது. கயிற்றைப் பிடித்து நின்று நின்றுதான் ஏற வேண்டும். அவசரப்பட்டால் ரத்தத்தில் குமிழி கட்டிக் கை கால் விழுந்துவிடும். கடைசி நிறுத்தம்தான் நீளம். அதற்கென்று தனிக் காற்று சிலிண்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது வழக்கம்.

இறங்குமுன், சிலிண்டரைக் கட்டியாச்சா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவரும் தமிழர்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

"அச்சா அச்சா, கட்டிருவோம். நீ எறங்குப்பா, யல்லா, ஜல்தி!"

வேலை முடித்துக் கடைசி நிறுத்தத்துக்கு வந்தேன். வெறும் கயிறு. முதுகிலிருந்த காற்று பாதி நேரத்துக்குக்கூடக் காணாது.

கோபப்பட்டால் காற்று வேகமாகத் தீரும். தெரிந்தும் அடங்கவில்லை. வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டே கத்தினேன். "கண்ணு அவிஞ்சா போச்சு உமக்கு? ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்கு வந்தது இதுக்கா? எம்பொண்டாட்டிகிட்ட என்னைக் காலில்லாமலா அனுப்பப் போறீரு? இப்பவே வாரும்!" கத்திக்கொண்டே அழுதேன்.

மேலே படகில், அவசரத்துக்கு இறங்கத் தயாராக ரீகன் இருந்தான். என் ரூம்காரன், அவனும் டைவர். தண்ணீர் கொதிக்கிற மாதிரிக் குமிழி கிளம்பியதாம். "அண்ணனுக்கு என்னமோ ஆயிட்டு" என்று எழுந்தானாம். "ஒண்ணுமில்ல, வந்துருவான்" என்ற சூப்பர்வைசரைத் தள்ளிவிட்டு, டெக்கில் சும்மா கிடந்த அந்தச் சிலிண்டரோடு குதித்துவிட்டான். காற்று இழுக்க வராமல் நான் திணறியபோது அவன் கை என் தோளைப் பிடித்தது.

நன்றி ஆண்டவரே, ஆயிரம் முறை நன்றி.

அந்தக் கம்பெனியை விட்டுவிட்டேன். இப்போது என் சிலிண்டரை நானே கட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். அந்த மனுஷரை மன்னிக்க மனசு தாரும் என்று தினமும் கேட்கிறேன். இன்னும் வரவில்லை. பெயரைக் கேட்டாலே பல்லைக் கடிக்கிறேன்.

ஆண்டவரை அப்படிப் பேசலாமா என்று, இதை முன்பே கேள்விப்பட்ட உங்களில் சிலர் கேட்டீர்கள். நான் பக்தியாக, அமைதியாக ஜெபித்திருந்தால் அத்தனை குமிழி எழும்பியிருக்காது. ரீகன் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பான். அந்தத் திட்டைத்தான் ஆண்டவர் கேட்டார். உங்களுக்கும் கோபமென்றால் கோபத்தோடேயே கூப்பிடுங்கள். இரண்டு காலையும் ஊன்றி நின்றுதான் இதைச் சொல்கிறேன்.