கண்ணாடிக்காரர் மகளுக்குப் பள்ளி தேடியது

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவருமில்லை. கண்ணாடிக்காரர் என்றால்தான் தெரியும். ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் அலமாரிக் கதவுக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவர் தொழில். வைரமுனைக் கத்தியால் ஒரே இழுப்பில் கோடு போட்டு, விளிம்பில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், எவ்வளவு பெரிய கண்ணாடியும் சொன்ன இடத்தில் இரண்டாகும். ஆனால் அவர் வீட்டுக்கு முதல்முறை போகிறவர்கள் திகைத்துத்தான் போவார்கள். ஜன்னல் ஒன்றிலும் கண்ணாடி கிடையாது. எல்லாவற்றிலும் பலகை அறைந்திருக்கும். பகலிலும் விளக்குப் போட்டால்தான் ஆள் முகம் தெரியும்.

காரணம் அவருடைய மகள். பதினோரு வயது. பேச்சு வரவில்லை. வலிப்பு உண்டு. கோபமோ வலியோ சந்தோஷமோ, எதுவானாலும் நெற்றியைக் கொண்டுபோய் எதிரில் இருப்பதில் மோதுவாள். சாப்பாட்டை மசித்து, சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். அவசரப்பட்டால் புரையேறி முகம் நீலம் பாரித்துவிடும். கதவில் தாழ்ப்பாள் போட மறந்தால் ஒரே ஓட்டம். லாரி வருகிறதா, பஸ் வருகிறதா என்று அவளுக்குத் தெரியாது.

அவளுடைய அம்மா, அவளுக்கு நாலு வயதாகும்போது ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மூலையிலிருந்து சொல்லிப் பார்த்தார்கள். "வர்றவ எனக்காக வருவாளா, இவளுக்காக வருவாளா?" என்று ஒரே கேள்வி கேட்டார் அவர். பேச்சு அத்தோடு நின்றது. பிறகு அவர்கள் வருவதும் நின்றது.

பகலில் மகளைப் பார்த்துக்கொண்டவர் அடுத்த வீட்டுத் தையல்காரம்மா. மிஷினை மிதித்துக்கொண்டே ஒரு கண்ணை இவள்மேல் வைத்திருப்பார். ஒருநாள் கண்ணாடிக்காரர் ஒரு மருந்துக்கடை முகப்பில் ஏணிமேல் நின்றிருந்தார். ஆள் உயரக் கண்ணாடி. மேல்பக்கத்தை அவரும் கீழ்ப்பக்கத்தைக் கூட்டாளியும் பிடித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. கையை எடுத்தால் கண்ணாடி விழும். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கண்ணாடியைச் சட்டத்தில் இருத்திவிட்டு அவர் எடுத்தபோது மறுமுனையில் அழுகை மட்டும்தான் கேட்டது.

மகள் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்திருந்தாள். கதவுக்கும் சுவருக்கும் நடுவே உடம்பு மாட்டிக்கொண்டது. தையல்காரம்மாவால் கதவைத் தள்ளவும் முடியவில்லை, அவளைத் தூக்கவும் முடியவில்லை. தெருவில் போன ஒரு தண்ணீர் கேன் போடுகிறவன்தான் கதவைக் கழற்றி எடுத்தானாம். புருவத்தில் தையல் போட்டுக் கூட்டிவந்த அன்று சாயங்காலம் தையல்காரம்மா வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"தம்பி, எனக்கு அவ மேல பாசம் இல்லாம இல்ல. ஆனா அவ வளந்துட்டா. என் கையில தெம்பு இல்லப்பா. ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா நான் உன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"நீங்க இவ்வளவு நாள் பாத்ததே பெருசும்மா" என்றார் கண்ணாடிக்காரர். வேறென்ன சொல்வது?

ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்தார். செய்தி கேட்டு வெளியூரிலிருந்து அவருடைய அக்கா வந்தாள். மூட்டுவலிக்காரி, படியேற முடியாமல் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். வந்தவள் இரண்டு நாள் குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"டேய், நான் ஒண்ணு சொன்னா கோவப்படாத."

"அப்போ சொல்லாத."

"சொல்லித்தான் ஆகணும். இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் இருக்காம்."

"தள்ளிவிடச் சொல்றியா?"

"கோட்டிக்காரன் மாதிரிப் பேசாத. இன்னைக்கோ நாளைக்கோ இவ பெரியவளாயிடுவா. பொம்பளப் பிள்ளைக்கு ஒரு பொம்பளத் துணை வேணாமா? நான் வந்து இருக்கலாம்னா என்னையே ரெண்டு பேர் தூக்கி உக்கார வைக்கணும். நீயும் சிரஞ்சீவியா என்ன? ஏணியில நிக்கிறவன் நீ."

கண்ணாடிக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா ஊருக்குக் கிளம்பும்வரை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதுதான், அவள் பொய்யாக எதையும் சொல்லவில்லையே என்று உறைத்தது. உறைத்ததும் இன்னும் கோபம் வந்தது.

கோபம் அடங்கப் பல நாள் ஆயிற்று. அடங்கியதும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி பார்க்கக் கிளம்பினார்.

முதலில் போனது எல்லாரும் புகழ்ந்த இடம். வாசலில் புல்வெளி, சுவரெல்லாம் யானையும் பட்டாம்பூச்சியும். தலைமையாசிரியை வாய் ஓயாமல் பேசினார். குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. இவ்வளவு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒரு முனகல்கூடக் கேட்காதது கண்ணாடிக்காரருக்குச் சரியாகப் படவில்லை. அவர் கண் வேறொன்றையும் பார்த்தது. வகுப்பறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, தரையிலிருந்து கூரைவரை. சாதாரணக் கண்ணாடி. ஒரு மோது மோதினால் கத்தி கத்தியாக விழும்.

"இது உடைஞ்சா பிள்ளைங்களைக் கிழிச்சிடுமேம்மா?"

"வெளிச்சம் நல்லா வரும் சார்."

"ராத்திரி வலிப்பு வந்தா யார் முழிச்சிருப்பாங்க?"

"எல்லா ரூம்லயும் கேமரா இருக்கு சார்."

"அந்தக் கேமராவை யார் பாப்பாங்க?"

அந்த அம்மாள் தன் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் சுவரிலிருந்த யானையைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் கும்பிடு போட்டுவிட்டு எழுந்தார்.

இரண்டாவது இடம் சின்னது. ஒரு வீட்டின் கீழ்த்தளம். நடத்துகிறவர் தூக்கம் கெட்ட கண்களோடு இருந்த ஒரு மனிதர். குழந்தைகளோடு தரையில் புரண்டுகொண்டிருந்தவர் எழுந்து வந்து பேசினார். கண்ணாடிக்காரருக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. ஆனால் அந்த மனிதர் சேர்த்துக்கொள்ளத் தலையாட்டவில்லை.

"சேத்துக்கிறேன்னு சொல்றது ஈஸி சார். எங்ககிட்ட நர்ஸ் கிடையாது. உங்க பொண்ணுக்கு வர்ற வலிப்பை எங்களால தாங்க முடியாது. நல்ல வார்த்தை சொல்லி வாங்கிக்கிட்டு, நாளைக்கு உங்களுக்குக் கெட்ட சேதி சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

வாசல்வரை வந்தவர், ஊருக்கு வெளியே இன்னொரு பள்ளி இருப்பதைச் சொன்னார். "பாக்க நல்லா இருக்காது. பாத்துட்டு ஓடி வந்துடாதீங்க."

அவர் சொன்னது சரிதான். இரண்டு பஸ் மாறிப் போன அந்த இடம் முன்பு ஏதோ கிடங்காக இருந்தது போலிருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், அடிப்பிடித்த பாலின் வாசனை. உள்ளே ஒரே சந்தைக்கடை இரைச்சல். ஒரு பையன் தட்டைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான், ஒருத்தி அழுதுகொண்டே சிரித்தாள், சக்கர நாற்காலி ஒன்று வட்டமடித்தது. நடுவில் ஆஜானுபாகுவாக ஒரு பெண்மணி, விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர். எல்லாருக்கும் அவர் பெரியக்கா.

பெரியக்கா குனிந்து மகளின் கன்னத்தைத் தொட வந்தார். மகள் சட்டென்று அவர் முன்கையைக் கவ்விக்கொண்டாள். கண்ணாடிக்காரருக்கு உயிரே போயிற்று. இத்தனை வருஷத்தில் கடிபட்டவர்கள் எல்லாரும் கத்தியிருக்கிறார்கள், கையை உதறியிருக்கிறார்கள், ஒருவர் அறைந்தும் இருக்கிறார். பெரியக்கா கையை இழுக்கவில்லை. அப்படியே வாய்ப்பக்கம் மெல்ல அழுத்திக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அவளே விட்டுவிட்டாள்.

"பல்லு நல்லாத்தான் விளக்கிவிடுறீங்க சார்" என்றார் பெரியக்கா, குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே. "அவளைக் கேக்காம முகத்தைத் தொட்டேன்ல. என் தப்பு."

கண்ணாடிக்காரர் அந்தக் கையில் பதிந்த பல் தடத்தைப் பார்த்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"ராத்திரி யாரு முழிச்சிருப்பாங்க?"

"ரெண்டு பேரு, முறை வச்சு. ஒருத்தங்க நர்ஸ். போன மாசம் ஒருத்தி தூங்கிட்டா, நானே பாத்தேன். அனுப்பிட்டோம். இனிமே நடக்கவே நடக்காதுன்னு உங்ககிட்ட அடிச்சுச் சொல்ல மாட்டேன் சார். நடந்தா மறைக்க மாட்டோம். அவ்வளவுதான்."

நடந்துபோன தப்பைத் தானாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். கண்ணாடிக்காரர் குளியலறையைப் பார்த்தார். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறந்தன. ஜன்னல்கள் எட்டாத உயரத்தில் இருந்தன. சமையல்கட்டில் ஒரு அம்மாள் ஒரு பையனுக்குச் சின்னக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் விழுங்கும்வரை அடுத்த கரண்டியை எடுக்கவில்லை. அதை அவர் நின்று கடைசிவரை பார்த்தார். முடிவு அங்கேதான் ஆயிற்று.

மகளைக் கொண்டுவந்து விட்ட நாளில் பெரியக்கா ஒன்று சொன்னார். "முதல் ஒரு மாசம் வராதீங்க சார். நீங்க வந்து வந்து போனா, ஒவ்வொரு தடவையும் விட்டுட்டுப் போற மாதிரி ஆயிடும் அவளுக்கு."

"அவ என்னைத் தேடினா?"

"தேடுவா. இல்லாம இருப்பாளா? நாங்க பக்கத்துல இருப்போம்."

மகள் கொடியில் காயும் துணிகளுக்குள் முகத்தைப் புதைத்து நடந்துகொண்டிருந்தாள். பாப்பா, போயிட்டு வரேன் என்று சொல்ல நினைத்தார். சொன்னால் திரும்பிப் பார்ப்பாளோ என்று பயம். பார்க்காவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயம். சொல்லாமலே வெளியே வந்தார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினார். மறுபடி திறக்கச் சொன்னார். திறந்தார். எதற்கென்றே தெரியவில்லை.

மறுநாளே வேலைக்குப் போனார். சாயங்காலம் கூட்டாளி டீ குடிக்கக் கூப்பிட்டான். இத்தனை வருஷமாக வேலை முடிந்ததும் கால் தரையில் பாவாமல் ஓடிய மனிதர், அன்றுதான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். கூட்டாளி அரசியல் பேசினான், கிரிக்கெட் பேசினான், மச்சினன் வீட்டுச் சண்டையைப் பேசினான். இவருக்குப் பதிலுக்குச் சொல்ல ஒன்றுமே வாயில் வரவில்லை. மாத்திரை, மலச்சிக்கல், தூக்கம், காய்ச்சல். அவர் அறிந்த உலகம் அவ்வளவுதான். டீ ஆறிப்போயிற்று.

வீட்டில் அதைவிட மோசம். அவர் எப்போதும் வீட்டில் பேசிக்கொண்டே இருப்பவர். எந்தத் தெருவில் என்ன வேலை, எந்த வீட்டம்மா கண்ணாடியில் கீறல் என்று சண்டை பிடித்தாள், மழை வருமா வராதா, எல்லாம் மகளிடம்தான். அவள் காதில் வாங்கினாளா என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் சொல்வார். இப்போது ஒரு நாள் முழுக்க வீட்டில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, கறிகாய்க்காரரிடம் விலை கேட்கப் போனால் குரல் கரகரத்தது. பதில் சொல்லாத பிள்ளைதான் இத்தனை காலம் தனக்குப் பேச்சுத்துணையாக இருந்தாள் என்பது அவருக்குக் கறிகாய்க்கடை வாசலில் நின்றபோது விளங்கிற்று.

போனில் பேசலாம் என்றார் பெரியக்கா. அவள் காதில் போனை வைத்தார்கள். "பாப்பா" என்றார். மூச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் என்னவோ ஈரமான சத்தம்.

"சார், போனை நக்குறா" என்று சிரித்தார் பெரியக்கா. அவரும் சிரித்தார். வைத்த பிறகு அழுதார்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது மகள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். நெற்றியில் புதுக் காயம் இல்லை. அவரைக் கண்டதும் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. அருகில் வந்து சட்டையை முகர்ந்தாள், அவர் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள், கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு ஒரு சத்தம் போட்டாள். கீழிருந்து மேலே ஏறும் ஒரு முனகல். அவளுடைய சத்தங்கள் அவருக்கு அத்துப்படி. இது அவர் கேட்டேயிராத சத்தம்.

"என்ன கேக்குறா?" என்று பெரியக்காவிடம் கேட்டார். தன் பிள்ளை கேட்பது என்னவென்று இன்னொருவரிடம் அவர் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"ஊஞ்சலுக்கு சார். இங்க வந்து கத்துக்கிட்டா."

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சந்தோஷப்படத்தான் செய்தார். ஆனாலும் நெஞ்சில் முள் ஒன்று சுருக்கென்று குத்தியது. ஊஞ்சலில் வைத்து ஆட்டிவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். சாப்பாட்டு மணி அடித்ததும் தானாக இறங்கி மற்றப் பிள்ளைகளோடு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அவளுக்குப் பதினாலு வயது. நடுவில் ஒருமுறை வலிப்பு கடுமையாக வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்; பெரியக்கா மறைக்காமல் உடனே கூப்பிட்டுச் சொன்னார். அவள் பெரியவளான சேதியும் அப்படித்தான் போனில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்காரர் தவறாமல் அந்த இரண்டு பஸ்ஸையும் பிடிக்கிறார். ஏறும் இடத்தில் அதே பள்ளியில் பிள்ளையை விட்ட வேறு சில தாய்தகப்பன்மாரும் நிற்பார்கள். ஒருவருக்கொருவர் முகம் பழக்கம், தலையசைத்துக்கொள்வதோடு சரி. ஒருவரும் ஒருவரை எதுவும் கேட்பதில்லை.

அன்றொரு நாள் அக்கா போன் செய்தாள். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டாள்.

"டேய், நான்தான் அன்னைக்கு ஆரம்பிச்சேன். சரியாத்தான் செஞ்சோமா?"

"அவ நல்லா இருக்காக்கா."

"அதைக் கேக்கல. நீ எப்படி இருக்க?"

கண்ணாடிக்காரர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். அடுப்பில் ஒரு ஆளுக்கான சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"சோறு பொங்குதுக்கா, அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்தார்.