மூன்று தூக்க மந்திரங்கள்

நான் மந்திரவாதியாக இருந்ததெல்லாம் அமாவாசைகளில் மட்டும்தான். அன்றைக்குத் தறி ஓடாது. பிள்ளையார்பாளையமே சத்தம் அடங்கிக் கிடக்கும். ஏனாத்தூரில் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த அத்தை, காலிப் புடவைப் பெட்டி ஒன்றைத் தரையில் நிமிர்த்தி வைப்பார். அதற்குப் பின்னால் இருபது முகப் பகடையும் விதிப்புத்தகமும் இருக்கும். கல்லூரித் தோழிகளோடு ஆடிய ஆட்டம் அது. அவர்கள் ஆளுக்கொரு ஊர் போய்விட, மிஞ்சியது நானும் அண்ணனும்.

அத்தை கதை சொல்வார். நாங்கள் அதற்குள் நடப்போம். பகடையில் பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். அண்ணன் வாள் வீரன். மற்ற நாளில் தெருவில் என்னைத் தெரியாதவன் போலப் போகிறவன், அன்று மட்டும் "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்பான். அதற்காகவே நான் அமாவாசைக்குத் தவமிருந்தேன்.

மந்திரவாதியின் பிழைப்பு லேசானதில்லை. காலையில் எழுந்ததும், இன்றைக்கு எந்தெந்த மந்திரம் என்று மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சொன்னால் தீர்ந்தது. தூங்கி எழுந்து மறுபடி ஏற்றினால்தான் உண்டு.

"தறி நாடாவுல போடற நூல் தார் மாதிரிதாம்மா. நூலு ஓடிடுச்சுன்னா திரும்பச் சுத்தணும்" என்றார் அத்தை.

அவர் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. புடவை பாதியில் நிறம் மாறினால் என்ன ஏச்சு விழும் என்று தார் சுற்றும் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? மூன்று மந்திரத்துக்கு இடமிருந்தது. ஒரே நிறத் தார் போல, மூன்றிலும் தூக்க மந்திரத்தையே ஏற்றிக்கொண்டேன். போன அமாவாசையில் ஒரு ராட்சசனைத் தூங்கவைத்து, அண்ணனிடம் சபாஷ் வாங்கித் தந்த மந்திரம்!

அன்று பார்த்து எதிரே வந்தவை எலும்புக்கூடுகள். அவற்றுக்குத் தூக்கமே கிடையாதாம். இரண்டு மந்திரம் வீணாகிவிட்டது. அண்ணனின் வீரன் இன்னும் ஒரே அடியில் செத்துவிடுவான்.

"மூணும் அதேவா? உன்ன நம்பி வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்! என் ஆளு செத்தான்னா இனிமே நான் ஆட வரமாட்டேன் அத்த" என்று அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"மூணாவத அண்ணன் மேல போடறேன்" என்றேன்.

"இன்னாது?" என்றார் அத்தை.

"அவன் தூங்கட்டும். செத்துட்டான்னு நெனச்சிக்கினு அதுங்க போயிடும்."

பெட்டிக்குப் பின்னால் பகடை உருண்டது. அத்தை அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அதுங்க போயிடுச்சுப்பா. ரெண்டு பேரும் பொழச்சீங்க" என்றார். அண்ணன் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான். அப்படி இனித்த குட்டு அதற்கப்புறம் எனக்குக் கிடைக்கவில்லை.

என் மந்திரம் பலித்ததென்று பல வருடம் மார்தட்டித் திரிந்தேன். போன மாதம் அத்தையின் பிள்ளைகளுக்கு ஆட்டம் நடத்துவதற்காக அதே புத்தகத்தைப் படித்தேன். தூங்குகிறவனை எலும்புக்கூடு விட்டுவிடும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

"அன்னிக்கு பகடையில இன்னா வுழுந்துது அத்த?" என்று கேட்டேன்.

"ஒண்ணு" என்று சிரித்தார்.

"எங்களுக்காகவா அப்படிப் புளுகினீங்க?" என்று நான் உருகிப்போனேன்.

"அட போம்மா, உங்களுக்காகவா? அவன் எழுந்து போயிட்டா நான் யார்கூட ஆடறது?"

அமாவாசைக்குத் தவமிருந்தவள் நான் ஒருத்தி மட்டுமில்லை என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.