அக்கா கழுவி வைத்த அலமாரி

எனக்கு சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் போடுவதற்குப் பலகை அடிப்பேன், இறுகியதும் பிரிப்பேன். ஆணி இல்லாமல் கட்டை நிற்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஒரு நாள் போனில் ஒரு வீடியோ வந்தது; அதில் ஜப்பான்காரர் ஒருவர் இரண்டு கட்டைகளைச் சேர்த்தார். ஒன்றில் நாக்கு, ஒன்றில் துளை. ஆணி இல்லை, பசை இல்லை. தட்டினார், நின்றது. மறுபக்கம் தட்டினார், கழன்றது. டீயைக் குடிக்க மறந்துவிட்டேன்.

அவர் பேச்சு புரியவில்லை. கையைப் பார்த்துப் பழகினேன். பெரம்பலூரில் என் வீட்டுக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமைகளில். முதல் நாலு மாதம் வெட்டியதெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போனது. துளை மயிரிழை பெரிதானால் ஆடும். சிறிதானால் ஏறாது.

அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடியது. தாய்மாமன் நான். சீருக்கு எங்கள் பக்கம் இரும்பு பீரோ வைப்பார்கள். நான் வேப்பம்பலகையில் மூன்று பெட்டி செய்தேன். அடுக்கினால் அலமாரி. பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பெஞ்சு. கழற்றினால் வெறும் பலகை. அவள் குடிபோகும் அரியலூர் மாடி வீட்டுப் படி ரொம்பக் குறுகல், பீரோ ஏறாது. அதை நினைத்துத்தான் செய்தேன். ஆனால் முதலில் சபையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பேச்சு அக்காவுக்கு.

சீருக்கு முதல் நாளே தா.பழூரில் அக்கா வீட்டில் மாட்டிக் காட்டினேன். கழற்றியும் காட்டினேன். வைத்துவிட்டு ஊருக்குப் போய் மறுநாள் மதியம் வந்தேன். அன்று சாயந்திரம் மண்டபத்தில் சீர்.

கொல்லையில் அண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்தில் என் பலகைகள். சொட்டச் சொட்ட ஈரம். சுவரில் வெயிலுக்குச் சாத்தியிருந்தது. ஒவ்வொன்றிலும் மஞ்சள், குங்குமம்.

ஒரு பலகையைத் தூக்கினேன், கனத்தது.

"என்னக்கா இது?"

"புதுச் சாமான்டா தம்பி. கழுவாம சபையில வெப்பாங்களா? ஒரே மரத்தூளு. நேத்தே தொட்டியில ஊறப் போட்டுட்டேன்."

"ஊறப் போட்டியா?"

"நீதான தனித்தனியா கழலும்னு காட்டுன. தேய்க்கத் தோதா இருந்துச்சு."

கழற்றச் சொல்லிக் கொடுத்தவன் நான். தண்ணீர் ஆகாது என்று சொல்லவில்லை.

பலகைகளை நிழலுக்கு மாற்றினேன். ஒரு நாக்கைத் துளையில் வைத்தேன். ஊறி உப்பியிருந்தது, கால்வாசிகூட ஏறவில்லை. கட்டைச் சுத்தியலால் தட்டினேன். துளை ஓரம் பட்டென்று பிளந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "செதுக்கி வுடு மச்சான். ஏறிடும்."

"இன்னிக்கு நிக்கும் மாமா. காஞ்சதும் லொடலொடன்னு ஆடும்."

"இன்னிக்கு நின்னாப் போதும்யா. நாளைக்கு யாரு பாக்கப் போறா?"

உளியை எடுத்தேன். சபை இரண்டு மணி நேரம். அக்கா மகள் அதை வைத்துக் குடித்தனம் செய்வது எத்தனை வருஷமோ. உளியைப் பையில் போட்டுவிட்டேன்.

சாயந்திரம் பலகைகளை ஆளுக்கு ஒன்றாகத் தூக்கி வந்து, பழத்தட்டுகளோடு வைத்தோம். மாப்பிள்ளையின் பெரியப்பா குனிந்து பார்த்தார்.

"என்னங்க, பந்திக்கு வெறகு பத்தலைன்னு சொன்னாங்களா?"

சபை சிரித்தது. அக்கா தரையைப் பார்த்தாள்.

"அது அலமாரிங்க மாமா" என்று மணையிலிருந்து ஒரு குரல். அக்கா மகள்தான். "ஈரமா இருக்கு. காஞ்சதும் எங்க மாமா வந்து மாட்டிக் குடுப்பாங்க."

கல்யாணப் பெண் சபையில் பேசி நான் பார்த்ததில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு மாதம் நிழலில் காயவைத்தார்கள். பிறகு அக்கா மகளின் அரியலூர் வீட்டுக்குப் போனேன். பிளந்த பலகைக்குப் பதில் வேறொன்று செய்து எடுத்துப்போனேன். தட்டினேன், ஏறியது. அடுத்தது. அடுத்தது. அவள் மூன்று பெட்டியையும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

அக்கா போன் செய்தாள்.

"நிக்குதாடா?"

"நிக்குதுக்கா."

"சரி, சாப்புட்டுக் கெளம்பு" என்றாள்.