இல்லாத கிணற்றடி வாழை

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு ஹாஜிரா ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "சிக்கிக்கிச்சு சார். கொஞ்சம் பாத்துத் தாங்க" என்றார். வாங்கத் தயங்கினேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நாலு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

தலத்தெருவில் எங்கள் வரிசையில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில்தான் இருக்கிறார்கள். கடிதம் எழுத அலுப்புப்படுகிறவர்கள் கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். ஹாஜிராவின் கணவர் பாரூக், துபாயில் ஏ.சி. மெக்கானிக். அவர் கேசட் வந்தால் மாமியார், நாத்தனார், எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஹாஜிரா கதவோரம் நின்று கேட்பார்.

டேப் சிக்கினால் என்னிடம் வரும். ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், பென்சில், செலோ டேப்... என் பட்டறை அவ்வளவுதான். ஒட்டிய இடம் சரியாக ஓடுகிறதா என்று ஒரு நிமிடம் போட்டுக் கேட்பேன். ஒரு நிமிடம்தானா? சரி, சில சமயம் ஒரு பக்கம் முழுவதும்.

அப்படிக் கேட்டதில் ஒன்று உறுத்தியது. எல்லாரையும் நலம் விசாரித்து முடித்த பிறகு, பாரூக் ஒவ்வொரு கேசட்டிலும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி மனைவியிடம் ஒரு கேள்வி கேட்பார். "ஹாஜிரா, உங்க உம்மா வீட்டுக் கெணத்தடி வாழை எப்படி இருக்கு? குலை தள்ளிடுச்சா?"

மாமியார் வீட்டு வாழைப்பழத்தின் மேல் மாப்பிள்ளைக்கு அப்படி ஓர் ஆசை என்று அந்த வீட்டில் சிரிப்பார்களாம். ஆனால் ஹாஜிராவின் தாய் வீட்டுக்கு, நிரவிக்கு, நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே வாழை இல்லை. கிணறே இல்லை. அடிபம்புதான்.

புரிந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த வார்த்தை அது. என்ன அர்த்தமோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்களுக்கென்று இருந்த தனி அறை அது ஒன்றுதான்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் மாத நாவலும் எழுதுகிறவன். அப்போது ஒரு நாவலுக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்பாரற்ற பெட்டிகளைத் தொடாதீர்கள் என்று ரயிலடிகளில் நோட்டீஸ் ஒட்டியிருந்த நேரம். தீவிரவாதிகளைப் பிடிக்கும் உளவுக் கதைதான் வேண்டும் என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எழுதினேன். என் கதாநாயகன் உளவு அதிகாரி இளமாறன், ரேடியோ ரிப்பேர்க்காரன் வேஷத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். அந்த வீட்டுப் பெண்ணைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறான். அவள் கையால் சாப்பிடுகிறான். வெளிநாட்டிலிருந்து அவள் கணவன் அனுப்பும் கேசட்டை ரகசியமாகக் கேட்கிறான். கேசட்டைக் கேட்க வரும் கூட்டத்தில் ஒருவனுக்கு, ரயிலில் குண்டு வை என்ற உத்தரவு அதில் இருக்கிறது. உத்தரவு என்ன வாசகம்? "கெணத்தடி வாழை குலை தள்ளிடுச்சா?"

ஊரை மாற்றினேன். பெயரை மாற்றினேன். மதத்தையும் மாற்றினேன். வாழையை மட்டும் மாற்றவில்லை. தென்னை என்று எழுதிப் பார்த்தேன், சப்பென்று இருந்தது.

ரயில் தப்பித்தது. இளமாறனுக்கு மெடல். எனக்குப் பாராட்டுக் கடிதங்கள். அந்தத் தங்கச்சி என்ன ஆனாள் என்று ஒரு கடிதம்கூடக் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

கேட்டது ஹாஜிராதான். புத்தகம் வந்த பத்தாம் நாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் என் நாவல். பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கியது.

"எங்க நாத்தனாரு படிச்சுட்டு கேக்குறா சார். 'உங்க உம்மா வீட்டுல ஏது கெணறு'ங்கிறா. மாமியாவும் பக்கத்துல இருக்காங்க. நான் என்னத்தச் சொல்லட்டும்?"

"எல்லாம் என் கற்பனைன்னு நான் வந்து சொல்றேம்மா" என்றேன்.

"எங்க ஊட்டுக்காரவுங்க குரல்லயே கேசட்டுல இருக்கே சார். அதுவும் உங்க கற்பனையா?"

ஹாஜிரா புத்தகத்தை அழுத்தி மூடி என் மேஜையில் வைத்தார். "கடைசில அந்தப் பொண்ணு என்ன ஆனா சார்? எழுதாம விட்டுட்டீங்களே."

அவர் போன பிறகு என் மனைவி வசந்தா சமையலறையிலிருந்து வந்தாள். "சிக்குன டேப்ப எடுத்து விடுங்கன்னு குடுத்தா, நீங்க குடும்பத்தயே சிக்க வச்சுட்டீங்க" என்று மட்டும் சொன்னாள்.

உளவுக் கதையில் பொய்க்கு லைசென்ஸ் உண்டு. ரயில் நிறைய உயிர்கள் இருக்கும்போது ஒரு பெண்ணை ஏமாற்றினால் என்ன என்று கேட்டுவிட்டால் வாசகர் வாயடைத்துப் போவார். ஆனால் அந்த ரயிலைக் கிளப்பியது யார்? குண்டை வைத்தது யார்? பொய் சொல்வதைத் தவிர இளமாறனுக்கு வேறு வழியே இல்லை என்று ஜோடித்தது யார்? எல்லாம் நான்தானே. போகட்டும், அது கதை. பக்கத்து வீட்டு கேசட்டை ஒட்டுக் கேட்டு நான் காப்பாற்றிய ரயில் எது?

அதற்குப் பிறகு நாலு மாதம் கேசட் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டேப் ரெக்கார்டர் சத்தமே இல்லை. அவர்களுக்குள் சண்டையோ? மாமியார் ஏதாவது எழுதிப் போட்டாரோ? நான் கெடுத்த குடும்பம் என்று ஊர் சொல்லுமோ? துபாயிலிருந்து யார் வந்து இறங்கினாலும் எனக்குப் பக்கென்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தொழுகை முடிந்து வருகிறவர்கள் என்னைப் பார்த்துச் சாதாரணமாகச் சிரித்தால்கூடப் பயந்தேன்.

இந்த நிலையில்தான் போன வெள்ளிக்கிழமை அந்தக் கேசட் வந்தது.

ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து பார்த்தேன். சிக்கல் எங்கே? எங்கேயும் இல்லை. டேப் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் புத்தம் புதிதாக இருந்தது. அப்படியே மூடித் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். 'ஓடுகிறதா என்று பார்த்துவிடுவோமே' என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. பட்டனை அழுத்தினேன்.

பாரூக்கின் குரல். நிதானமான குரல்.

"சார், சலாம். நல்லா இருக்கீங்களா? ஊட்டுல அக்கா சொகமா? எப்படியும் மொதல்ல நீங்கதான் கேப்பீங்க. அதான் உங்கள்ட்டயே மொதல்ல சொல்றேன். கெணத்தடி வாழைய வெட்டிட்டோம். வேற ஒண்ணு வச்சிருக்கோம். அது என்னன்னு தேடாதீங்க சார். சரி... ஹாஜிரா, நல்லா இருக்கியா?"

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியைக் கேட்கவில்லை. வசந்தா நம்பவில்லை, நீங்களாவது நம்புங்கள்.