நிறுத்தியும் நிற்காத வண்டி

வண்டியை நிறுத்தினால் நிற்க வேண்டும். இதைச் சொல்ல மெக்கானிக் வேண்டியதில்லை. என் வீட்டுக்காரரின் வண்டி நிறுத்திய பிறகும் ஓடிற்று. வாசலில் கொண்டுவந்து விட்டு, டீசலை அடைக்கிற ஸ்டாப்பர் கம்பியை இழுப்பார். இன்ஜின் அடங்குவதுபோல் இறங்கும். பிறகு என்ன நினைத்துக்கொள்ளுமோ, தானாக இன்னும் இரண்டு மூச்சு ஏறி ஓடி, நீலப் புகையைக் கக்கிவிட்டுத்தான் ஓயும்.

"டீசலை அடைச்ச பிறகு எதைக் குடிச்சு ஓடுதுங்க?" என்று கேட்டேன்.

"பழைய வண்டின்னா அப்படித்தான்மா இருக்கும்" என்றார். அவருக்கு எதைக் கேட்டாலும் அப்படித்தான் இருக்கும்.

எழுபதுகளின் நடுவில், பெட்ரோல் விலை ஏறி எல்லோரும் கார் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் வைத்துக்கொண்டிருந்த காலம் அது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் நான் உட்காருவேன். இன்னொன்றில் உட்கார வேண்டியவர் அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, மெட்ராஸில் ஒரு பெரிய பழைய காரை வாங்கி, ஏதோ வேனிலிருந்து எடுத்த டீசல் இன்ஜினை அதில் மாட்டி, புடவைக்கடைக்காரர்களையும் பட்டு மூட்டைகளையும் மெட்ராஸுக்கு ஏற்றிப் போனார். நல்ல சவாரிதான். ஆனால் தேய்ந்த இன்ஜின். அது மூச்சு விடுகிற குழாயிலிருந்து எண்ணெய் ஆவி கிளம்பி, தரை ஓட்டை வழியாக உள்ளே வந்து, ஒரு கடைக்காரரின் புடவைகளில் கடுகு கடுகாகப் படிந்துவிட்டது. பட்டில் இன்ஜின் எண்ணெய் பட்டால் அவ்வளவுதான். வண்ணானாலும் ஆகாது, சாயக்காரனாலும் ஆகாது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பட்டறை வைத்திருந்த பாய் அதற்கு ஒரு டப்பா செய்து கொடுத்தார். பால் பவுடர் டப்பா ஒன்றின் மூடியைக் கிளிப் போட்டு இறுக்கி, அடியில் ஒரு திருகாணி வைத்து, இரண்டு ரப்பர் குழாய் சொருகினார். இன்ஜின் விடுகிற மூச்சு ஒரு குழாய் வழியாக டப்பாவுக்குள் வரும். உள்ளே அடைத்திருக்கும் கம்பிச் சுருளில் எண்ணெய் ஒட்டி அடியில் சொட்டும். மிச்சப் புகை இன்னொரு குழாய் வழியாக, இன்ஜின் காற்று இழுக்கிற வாய்க்கே திரும்பிப் போகும். வெளியே ஒரு பொட்டு வராது.

"தினம் அடி திருகாணியைக் கழட்டி வடிச்சிடு நைனா" என்றார் பாய். "ரொம்பிச்சுன்னா பேஜாரு. எண்ணெய் உள்ள போனா இன்ஜின் அதையே குடிச்சிக்கினு ஓடும், உன் பேச்சைக் கேக்காது. காத்து போற வாய அடைச்சாத்தான் நிக்கும்."

ஒரு வாரம் வடித்தார். தேங்காய்த் தொட்டியில் கறுப்பாக, சாக்கடை நாற்றத்தோடு வரும். அப்புறம் அவருக்கு அறிவு வந்துவிட்டது. எங்கள் தெருவில் எதைத் துடைப்பதானாலும் தறியில் மிஞ்சுகிற கழிவுப் பட்டால்தான் துடைப்போம். பட்டு குடிப்பதுபோல் எதுவும் எண்ணெயைக் குடிக்காது. மூடியைப் பிரித்து, கம்பிச் சுருளை எடுத்து எறிந்துவிட்டு, என் தறியடியிலிருந்து கழிவுப் பட்டை இரண்டு கை அள்ளிப்போய்த் திணித்து மூடிக்கொண்டார். மறுநாள் திருகாணியைக் கழற்றினால் ஒரு சொட்டு வரவில்லை. அடுத்த நாளும் இல்லை.

"பாத்தியா? நெசவுக்காரன் மூளை" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

ஒருநாள் அவர் டப்பாவைக் கழற்றித் துடைக்கும்போது நான் கையில் வாங்கிப் பார்த்தேன். கைக்குழந்தை மாதிரி கனத்தது.

"காலி டப்பா எதுக்குங்க இவ்ளோ கனம்?"

"பட்டு குடிச்ச எண்ணெய்மா. உள்ளயே பத்திரமா இருக்குது. எங்க போயிடும்?"

நானும் அதைத்தான் கேட்டேன். டப்பாவை வாங்கித் திரும்ப மாட்டினார். அந்த வாரத்திலிருந்துதான் வண்டி நிறுத்திய பிறகும் ஓட ஆரம்பித்தது.

அதே சமயத்தில்தான் என் தங்கைக்குக் கல்யாணம் கூடி வந்தது. அப்பா இல்லாத பெண். ஏற்கெனவே ஒரு இடம் பேசி, பாக்கு வெற்றிலை மாற்றி, முறிந்துபோய், தெருவில் தலை காட்ட முடியாமல் இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவள். இதுவும் நின்றால் அவளுக்கு இன்னொன்று இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மாப்பிள்ளை வீடு முசரவாக்கத்துப் பக்கம். மாப்பிள்ளை தங்கம். அவர் அம்மாதான் சகுனம் பார்க்கிறவர். நிச்சயத்தன்று என் வீட்டுக்காரர் ஏதோ ஞாபகத்தில் தாம்பூலத்தட்டை இடக்கையால் நீட்டிவிட்டார். அந்த அம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். காலில் விழாத குறையாக உட்காரவைத்தேன்.

கூரைப்புடவைக்குப் பட்டும் ஜரிகையும் அந்த அம்மாளே வாங்கிக் கொடுத்து, என்னையே நெய்யச் சொன்னார். "என் கையில பிரிச்சுப் பாத்துட்டுத்தான் தட்டுல வெப்பேன்மா" என்றார். "என் மூத்த மருமக கூரையில குத்துவிளக்கு எண்ணெய் சாஞ்சிச்சு. பரவால்லன்னு கட்டவெச்சோம். வருஷம் திரும்பல, பையன் போய்ட்டான். இந்தக் கூரையில ஒரு பொட்டு கறை இருந்தாலும் நான் ஒத்துக்கமாட்டேன். அப்புறம் என்மேல வருத்தப்படக்கூடாது."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். மெதுவாகச் சொன்னார்.

கல்யாணம் திருமுக்கூடல் கோயிலில். சொந்தக்காரர்கள் முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். பெண்ணை நாங்கள் காரில் அழைத்துப்போவதாகப் பேச்சு. பஸ்ஸிலேயே போகலாம் என்று கெஞ்சினேன். "சொந்த வண்டி இருக்கும்போது மச்சினியை பஸ்ஸுல இட்டுக்கினு போறதா? எவன் மதிப்பான்?" என்றார். விடிந்ததும் கிளம்பினோம். அவர் ஓட்ட, பின்னால் நானும் தங்கையும். கூரைப்புடவை வெள்ளைத் துணியில் சுற்றி அவள் மடியில் இருந்தது. வழியெல்லாம் அந்த மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது இன்ஜின் சூடேறியது. மேடு முடிந்து அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். சத்தம் குறையவில்லை. ஏறிற்று. ஸ்டாப்பரை இழுத்தார். ஏறிற்று. சாவியைத் திருப்பிப் பிடுங்கியே விட்டார். சாவி அவர் கையில் இருக்கிறது, வண்டி ஊளையிடுகிறது. மேல் கியருக்கு மாற்றிப் பிரேக்கை அமுக்கினார், கிளட்ச் கருகிய நாற்றம்தான் வந்தது. எப்படியோ கரையோரம் வண்டியை நிறுத்தினார். சக்கரம் நின்றது. இன்ஜின் நிற்கவில்லை. பின்னால் புகை, பாதையே தெரியவில்லை. பட்டு குடித்துவைத்த எண்ணெயெல்லாம் சூட்டில் இளகி, மொத்தமாக இன்ஜின் காற்று இழுக்கிற வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"எறங்கி ஓடுங்க" என்று கத்திவிட்டு அவர் பானெட்டைத் தூக்கினார். வண்டியே உதறியது. டப்பாவின் குழாயைப் பிடுங்கினார். கொதிக்கிற எண்ணெய் கையில் அடித்தது. அப்போதும் நிற்கவில்லை, உள்ளே போனது போனதுதான். காற்று வாயின் மூடியைக் கழற்றி, தோள் துண்டைச் சுருட்டி அந்த வாயில் வைத்தார். துண்டு பாதி உள்ளே போய்க் கிழிந்தது. சத்தம் இன்னும் மேலே போனது. வெடிக்கப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. அவர் வலது உள்ளங்கையை விரித்து அந்த வாயை மூடப் போனார்.

"நகரு மாமா" என்றாள் என் தங்கை.

ஓடியிருப்பாள் என்று நினைத்தவள் அவர் பக்கத்தில் நின்றாள். கூரைப்புடவையை மடிப்புக் கலையாமல், ஜரிகைக் கனத்தோடு அப்படியே அந்த வாயில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டாள். இன்ஜின் முக்கியது, இருமியது, நின்றுவிட்டது.

ஏரியில் தண்ணீர் அலம்புவது கேட்டது. தங்கை மெல்ல நிமிர்ந்து புடவையை எடுத்தாள். நடு மடிப்பில், தட்டு அளவுக்குக் கறுப்பு. பத்து மடிப்பு ஊறியிருந்தது.

பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினோம். கறையை உள்பக்கம் மடித்துக் கொடுத்துவிடலாமா என்று அவள் காதில் கேட்டேன்.

"வேணாம்க்கா. அவங்க பையன் செத்தவங்க. நானே சொல்றேன்."

கோயில் மண்டபத்தில் அந்த அம்மாள் புடவையை வாங்கிப் பிரித்தார். மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். என் தங்கை நடந்ததைச் சொன்னாள். நான்கே வாக்கியம். அழவில்லை.

"கையைக் காட்டுப்பா" என்றார் அந்த அம்மாள் என் வீட்டுக்காரரிடம். அவர் நீட்டினார். வலது கை மணிக்கட்டு வரை கொப்புளம். விரல் ஐந்தும் இருந்தன. அந்த அம்மாள் வெகு நேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு புடவையை மடித்துத் தட்டில் வைத்தார்.

"கட்டிக்கினு வரச் சொல்லு."

முகத்தில் ஒன்றுமில்லை. மனசில் என்ன வைத்துக்கொண்டிருக்கிறாரோ, பிற்பாடு எப்படி வெளியே வருமோ என்று நினைத்துக்கொண்டே அவளுக்குப் புடவையைக் கட்டிவிட்டேன். எப்படிக் கட்டிவிட்டாலும் கறை கொசுவத்தில்தான் வந்து விழுந்தது. மணையில் உட்கார்ந்தபோது அந்த எண்ணெய் ஊறிய கொசுவம் ஹோமத்தீயின் பக்கமே விரிந்தது. ஐயர் நெய் விட விடத் தீ எழும்பிற்று. ஒரு பொறி பறந்தால் போதும். நான் பின்வரிசையில் மாட்டிக்கொண்டேன், என் கை எட்டவில்லை. அந்த அம்மாளைப் பார்க்கப் பயந்து தீயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் கையைத் தூக்கினோம். அப்போதுதான் பார்த்தேன். அந்த அம்மாள் என் தங்கையை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவர் வலது கை, கறை பட்ட கொசுவத்தை மொத்தமாகச் சுருட்டித் தீயிலிருந்து விலக்கி இறுகப் பிடித்திருந்தது. விரலிடுக்கெல்லாம் கறுப்பு. அதை அவர் விடவில்லை. அட்சதையை இடக்கையால் அள்ளி, இரண்டு பேர் தலையிலும் போட்டார்.