அத்தான் எண்ணிய பன்னிரண்டு இறக்கை

எங்கள் அத்தானுக்குப் பட்டறையில் ‘ரெண்டு தடவை’ என்றுதான் பெயர். அக்காவின் புருஷன், கார் வயரிங்கில் கெட்டிக்காரர். கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு வைப்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று அக்காவிடமே ரெண்டு தடவை கேட்டாராம். “மூணாவது தடவை கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லித் தொலைச்சிருப்பேன்” என்பாள் அக்கா. அவரோடு வேலை பார்த்தால் எனக்குத் தலை வெடித்துவிடும். அரை மணி நேர வேலைக்கு அரை நாள் ஆக்குகிற மனுஷன்.

அக்கா மலைப்பாதையில் நடக்கும் கார்ப் பந்தயங்களில் ஓட்டுபவள். போன பந்தயத்தில் மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்று வீட்டையே இரண்டாக்கினாள். “டர்போவுல பூஸ்ட்டைக் கூட்டுங்கன்னு எத்தனை நாளா கத்துறேன்?”

டர்போ என்பது இன்ஜின் விடும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சின்னச் சக்கரம். திணிக்கிற அந்த அழுத்தம்தான் பூஸ்ட். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுவரை தாங்கும். அதைத் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் சிதறலாம்.

“அது எவ்வளவு வேகமா சுத்துதுன்னு தெரியாம கூட்ட மாட்டேன். உள்ள உக்காரப்போறது நீ” என்று அத்தான் சொல்லிவிட்டார்.

அந்த வேகத்தை அளக்கத்தான் ஒரு சென்சார். டர்போவின் மேலோட்டில் ஓட்டை போட்டு அதைச் செருகினார். சக்கரத்தின் இறக்கை ஒவ்வொன்றும் கடக்கும்போது அது ஒரு துடிப்பு அனுப்பும். கம்பெனி கொடுத்த இன்ஜின் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு நாங்கள் தனியாக வாங்கிப் பொருத்திய கம்ப்யூட்டர் அந்தத் துடிப்புகளை எண்ணி வேகத்தைக் காட்டும். அதற்கு நாம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: ஒரு சுற்றுக்கு எத்தனை இறக்கை கடக்கிறது?

அத்தான் டர்போவில் காற்று நுழையும் வாய்க்கு நேராகக் குனிந்து, ஒரு இறக்கையில் மார்க்கரால் புள்ளி வைத்து, விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். பன்னிரண்டு. மறுபடியும் எண்ணினார். பன்னிரண்டு.

“பன்னெண்டு போடு மாப்ள.”

லேப்டாப்பில் போட்டேன்.

வண்டி நின்ற இடத்திலேயே ஓடுவதற்காக அதை ரோலர் மேல் ஏற்றி பெல்ட்டால் கட்டினோம். அக்கா சீட்டில் உட்கார்ந்தாள். நான் வெளியே அவள் பக்கத்து ஜன்னலோரம் நாற்காலி போட்டு லேப்டாப்போடு. அத்தான் எதிர்ப்பக்கம், டர்போ வாய்க்கு நேரே, வண்டி மேல் கையை ஊன்றியபடி. அவர் நிற்கும் இடம் எப்போதும் அதுதான். காதால் கேட்டால்தான் திருப்தி. சோதனைதானே என்று காற்று வடிகட்டியையும் குழாயையும் மாட்டவில்லை. டர்போ வாயைத் திறந்துகொண்டு நின்றது.

முதல் ஓட்டத்தில் திரை அறுபத்தைந்தாயிரம் காட்டியது. அத்தான் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. “பாதிகூட இல்ல மாப்ள! இன்னும் எவ்வளவோ இடம் இருக்கு.” பூஸ்ட்டைக் கூட்டினேன். எண்பதாயிரம். “இன்னும் கூட்டு.” எந்தக் காலத்திலும் ‘இன்னும்’ என்று சொல்லாத மனுஷன்! எனக்கும் குஷி வந்துவிட்டது, கூட்டினேன்.

அக்கா கிளப்பப் போகும்போது, “இரு இரு, பெல்ட்டை இன்னொரு தடவை பாத்துடறேன்” என்று அத்தான் வண்டியின் பின்பக்கம் போனார்.

“ஏற்கெனவே பாத்தாச்சு அத்தான்!” என்று எரிந்து விழுந்தேன். பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்தபடியே “ஓட்டு” என்று கையை ஆட்டினார்.

திரையில் தொண்ணூற்றோராயிரம். அடுத்த நொடி இடி விழுந்தது. வேறு எப்படிச் சொல்வது? என் நாற்காலி எப்போது சாய்ந்தது, நான் எப்போது தரைக்குப் போனேன், தெரியாது. அக்கா சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டாள். ஆனால் ஸ்டியரிங்கை விட்டு அவள் கை வரவில்லை.

அத்தான் பின்னாலிருந்து ஓடி வந்தார். முதலில் அக்காவைப் பார்த்தார், அப்புறம் என்னை. “யாருக்கும் ஒண்ணும் ஆகலியே? ஒண்ணும் ஆகலியே?”

டர்போவில் பாதிச் சக்கரம் இல்லை. “பாதி வேகத்துல எப்படிடா வெடிக்கும்?” என்று முனகிக்கொண்டே சென்சாரைக் கழற்றினார். அந்த ஓட்டை வழியாக ஒரு கம்பியை விட்டார். கம்பி தொட்ட இடத்தை மிச்சமிருந்த சக்கரத்தில் குனிந்து பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நானும் பார்த்தேன். நீளம் ஒன்று, குட்டை ஒன்று என மாறி மாறி இறக்கைகள்; அப்படியானால் பன்னிரண்டில் ஆறுதான் நீளம். குட்டை இறக்கைகள் ஒரு விரல் தள்ளி, உள்ளேதான் தொடங்குகின்றன. முன்னாலிருந்து பார்த்தால் பன்னிரண்டும் தெரியும். ஆனால் சென்சார் இருந்த இடத்தைக் கடப்பவை நீள இறக்கைகள் மட்டும். ஆறு! பன்னிரண்டு என்று சொன்னதால் கம்ப்யூட்டர் வேகத்தைப் பாதியாக்கிக் காட்டியிருக்கிறது. நாங்கள் சுழற்றியது ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரம். பாவி சென்சார்! அது இல்லாமல் இருந்திருந்தால் அத்தான் பூஸ்ட்டைத் தொட்டிருக்கவே மாட்டார்.

“ரெண்டு தடவை எண்ணினேனே...” என்றார்.

“ரெண்டு தடவையும் முன்னாடி நின்னுதானே எண்ணினீங்க? சென்சார் பக்கத்துலேர்ந்து பாத்தீங்களா?” அக்கா ஒருவழியாக வண்டியிலிருந்து இறங்கியிருந்தாள். இன்னும் நாலு வார்த்தை திட்ட வாயைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

டர்போ வாய்க்கு எதிரே இருந்த தகர அலமாரியின் கதவில் கிழிசல். அதில் ஒரு இறக்கைத் துண்டு பாதி புதைந்து நின்றது. அக்கா நடந்து போய், அத்தான் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். துண்டு அவள் நெற்றி உயரத்தில் இருந்தது. அத்தானுக்கு அது கழுத்து.

பெல்ட்டைப் பார்க்கப் போனவர் மேல்தானே அப்படி எரிந்து விழுந்தேன்!

தரையில் உட்கார்ந்திருந்தவர் எதிரே அக்கா மண்டியிட்டாள். சட்டையை விலக்கிக் கழுத்தைத் தடவினாள், காதைத் தடவினாள். அவருடைய இரண்டு கைகளையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தொட்டாள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு...” பத்து வரை எண்ணினாள்.

பிறகு கட்டைவிரலைப் பிடித்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.